காட்டற சரக்கு, விக்கற சரக்கு

மோகனப்ரியாவின் நைனாவுக்குப் புத்தூரில் புடவைக் கடை. யார் வந்தாலும் முதலில் இரண்டு சுமாரான புடவையை விரிப்பார். வந்தவர் முகம் சுளித்ததும் நல்லதை எடுத்துப் போடுவார். பேரம் அங்கேயே பாதி முடிந்துவிடும். மகள் திருப்பதியில் ஒரு கம்பெனியில் செல்போன் ஆப்புகளுக்குத் திரை வரையும் டிசைனர் ஆனாள். கடைதான் மாறியது, வியாபாரம் மாறவில்லை. எந்த வேலைக்கும் மூன்று திரை போடுவாள். அதில் இரண்டு கண்ணை உறுத்துவதற்கென்றே செய்தவை. வாடிக்கையாளர் தாமே கண்டுபிடித்த பெருமையோடு மூன்றாவதைத் தொடுவார்.

இந்த வித்தை முதலாளி ஹரிபிரசாத்துக்குத் தெரியாது. அவர் போன மாதம் ஒரு ஏஐ வாங்கினார். கம்பெனியின் டிசைன் சிஸ்டத்தை, அதாவது பொத்தான், நிறம், எழுத்து, பழைய திரைகள் எல்லாம் அடுக்கி வைத்த கிடங்கை, அப்படியே அதன் வாயில் கொட்டினார்.

"அதுக்கும் பணம் கட்டணும், உனக்கும் சம்பளம் குடுக்கணும்னா நான் எங்கம்மா போறது? ஆப் கேட்ட லாட்ஜ்காரர் வரட்டும், அது எப்படிப் போடுதுன்னு பார்ப்போம்" என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

லாட்ஜ்காரர் வேதாச்சலம் திருச்சானூரிலிருந்து வந்து உட்கார்ந்தார். ரூம் புக் செய்ய ஓர் ஆப் வேண்டும். ஹரிபிரசாத் ஏஐயிடம் சொன்னார். வாய் மூடுவதற்குள் திரை வந்தது. ஊதா நிறத்தின் மேல் சிவப்பு எழுத்து. புக் செய்யும் பொத்தான் மூலையில் கொசு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா சார் இது? மொட்டை போட்டுக்கினு வெயில்ல நிக்கறவனுக்கு இது கண்ணுக்குத் தெரியுமா?" என்றார் வேதாச்சலம்.

அடுத்தது இன்னும் மோசம். மோகனப்ரியாவுக்கு முதலில் மனசு குளிர்ந்தது. அப்புறம்தான் உற்றுப் பார்த்தாள். அந்த ஊதா அவளுடையது. கிடங்கில் மூன்றுக்கு இரண்டு உறுத்தல் சரக்கு. அதுதான் இந்த வீட்டு வழக்கம் என்று ஏஐ எடுத்துக்கொண்டுவிட்டது.

"இதெல்லாம் உன் ஃபைல்ல இருந்துதான வருது, மோகனா?" ஹரிபிரசாத் திரும்பினார்.

தன்னை வேலை தெரியாதவள் என்பதா, ஏமாற்றுக்காரி என்பதா? அவள் முடிவு செய்வதற்குள் வேதாச்சலம் குலுங்கிச் சிரித்தார்.

"இது காட்டற சரக்கு சார்! நானும் ரூம் கேட்டு வர்றவனுக்கு மொதல்ல கக்கூஸ் பக்கத்து ரூமைத்தான் தொறந்து காட்டறேன். விக்கற சரக்கை எங்கம்மா வச்சிக்கினு இருக்க?"

ஹரிபிரசாத் சிரிக்கவில்லை. மறுபடி கூப்பிடுவதாகச் சொல்லி அவரை வழியனுப்பிவிட்டு வந்தார். "எது காட்டறது, எது விக்கறதுன்னு அதுக்குச் சொல்லிக் குடு. இப்பவே."

அவள் ஒவ்வொரு திரையாகத் திறந்து குறியிட்டாள். கொஞ்சம் போட்டதுமே உறைத்தது. இந்தப் பிரிப்பு ஏஐக்குத் தெரிந்துவிட்டால் அப்புறம் அவள் எதற்கு? மவுஸிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், மீதியும் போடறேன். ரெண்டு வருஷத்துக்கு வேலை உண்டுன்னு எழுதிக் குடுங்க."

"ரெண்டா? ஆறு மாசம்."

"ஒண்ணரை வருஷம்."

"எட்டு மாசம். அதுக்கு மேல லேது."

அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டி எழுந்தாள். கடையை விட்டு இறங்குகிறவரைக் கூப்பிடாத வியாபாரி உண்டா?

"சரி, உக்காரு. பத்து."

"ஒரு வருஷம். முடிச்சிக்கலாம் சார்."

ஹரிபிரசாத்தின் பார்வை கம்ப்யூட்டர் திரையில் இருந்தது. அங்கே ஏஐயின் வரி ஒன்று வந்து நின்றிருந்தது: 'நீங்கள் குறித்தவற்றைப் பார்த்து மீதியை நானே பிரித்துவிட்டேன். சரிபார்க்கிறீர்களா?'

மோகனப்ரியா பையோடு குனிந்து, படபடவென்று ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஒரே ஒரு தப்பு போதும். ஊதா, காட்டுவது. சரி. வெள்ளை, விற்பது. அதுவும் சரி. கடைசிவரை போனாள். ஒன்றுகூடச் சிக்கவில்லை.

ஹரிபிரசாத் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். "எங்க விட்டோம்? ஆறு மாசமா?"

"பத்துன்னீங்க சார்."

"அப்படியா சொன்னேன்? மூணுன்னு வச்சிக்கோயேன்."

அவர் வாய் மறுபடி திறப்பதைப் பார்த்தாள். அடுத்தது இரண்டாகத்தான் இருக்கும்.

"மூணு, சரி சார்" என்றாள் அவசரமாக.