சம்பந்த வீட்டுப் பையனைச் சுடுவதா?

நயினார் அண்ணாச்சி இரண்டாவது முறையாகத் தன் காலடியிலேயே வெடிகுண்டைப் போட்டுக்கொண்டு செத்தபோது, இசக்கிக்கு வந்த ஆத்திரத்துக்குச் செல்போனை நடுரோட்டில் அடித்திருக்க வேண்டும். வாங்கி மூன்று மாதம்தான் ஆகிறது என்பதால் விட்டான்.

"எறியத்தான்லே செஞ்சேன். அது கைய விட்டுப் போவமாட்டேங்கு" என்றார் நயினார், பக்கத்து ஸ்டூலில் இருந்து.

மலையில் மழை கொட்டி மெயினருவியில் குளிக்கத் தடை. தடை போட்டால் குற்றாலத்துக்கு ஆள் வராது. இசக்கியின் ஆட்டோவுக்குச் சவாரி கிடையாது, எண்ணெய் தேய்த்துவிடும் நயினாருக்கு ஒரு முதுகு கிடைக்காது, கனி பாயின் நேந்திரங்காய் சிப்ஸும் நமுத்துப் போகும். அந்த மாதிரி நாட்களில் மூன்று பேரும் பாய் கடைக்குள் உட்கார்ந்து செல்போனில் துப்பாக்கிச் சண்டை போடுவார்கள்.

சொல்லிக்கொடுத்தவன் இசக்கிதான். நயினாருக்கு ஜன்னல் ஏறிக் குதிக்கத் தெரியாது. குண்டு மழைக்கு நடுவில் பத்து நிமிடம் கதவைத் தேடுவார். கனி பாய் பதினைந்து வருஷம் துபாயில் வண்டி ஓட்டியவர். விளையாட்டிலும் ஜீப்பைக் கண்டால் விடமாட்டார், ஹாரன் அடித்துக்கொண்டே எதிரி வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்துவார். சிரித்துச் சிரித்து இசக்கிக்கு விலா நோகும். அதற்காகத்தான் வருகிறான்.

இன்றைக்குச் சிரிக்க நேரமில்லை. மாலை ஐந்தரைக்கு விளையாட்டில் இந்த சீசன் முடிகிறது. இன்னும் கொஞ்சம் புள்ளி எடுத்தால் அவனுக்கு 'ஏஸ்' பட்டம் விழும். மூன்று சீசனாக நூலிழையில் தவறிப்போனது. அதற்காகவே நாலாவது ஆளாக மதுரைப் பாண்டியைச் சேர்த்திருந்தான். நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான் பழக்கம். ஆட்டத்தில் சூரன்.

அடுத்த ஆட்டம் எப்படியோ நன்றாகப் போனது. கடைசிவரை நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். எதிரில் ஒரே ஒருவன் பாக்கி. அவன் ஒளிந்திருந்த வீட்டுக்குள் முதலில் நுழைந்தது, யார் செய்த வினையோ, கனி பாய்.

எதிரியின் துப்பாக்கியில் குண்டு தீர்ந்திருந்தது. மைக்கைத் திறந்து, "அண்ணாச்சி, சுட்டுராதிய" என்று கெஞ்சினான்.

"சுடுங்க பாய்!" என்று இசக்கி கத்தினான்.

ஊர்ப் பேச்சு காதில் விழுந்தபின் கனி பாய் எங்கே சுடுவது? "தம்பிக்கு எந்த ஊரு?" என்று கேட்டார்.

"கடையநல்லூர்."

"கடையநல்லூர்ல யாரு வீடு?"

"பேட்டை. மிஸ்ரியா டீச்சர் மவன்."

"ஏ, நம்ம மிஸ்ரியா மவனா! எங்க அக்கா மவள ஒங்க பெரியப்பா மவனுக்குலா குடுத்திருக்கோம். உம்மா சொகமா இருக்காவளா?"

"இருக்காவ மாமா" என்றான். சொல்லிக்கொண்டே குண்டை நிரப்பி முடித்து மாமாவைச் சுட்டான். பின்னாலேயே ஓடிவந்த நயினாரைச் சுட்டான். படியில் வைத்து இசக்கியைச் சுட்டான். என்ன நடக்கிறது என்று பாண்டி கேட்டு முடிப்பதற்குள் அவனும் போய்ச் சேர்ந்தான். பட்டத்துக்குப் பதினொரு புள்ளி குறைந்தது.

இசக்கி எழுந்து நின்று ஏசினான். "சம்பந்த வீட்டு விசேஷத்துக்கா பாய் வந்திய? துப்பாக்கிய நீட்டிக்கிட்டு சொகம் விசாரிக்கிய! ஒங்களுக்குச் சொல்லிக்குடுத்த என்னையச் செருப்பால அடிக்கணும்."

"சொந்தக்காரப் பயல எப்படிலே சுடுதது? நாளைக்கு ஒரு கல்யாண வீட்டுல மூஞ்சில முழிக்கணும்லா" என்றார் கனி பாய்.

அப்போது போனிலிருந்து பாண்டியின் குரல் வந்தது. "ப்ரோ, அந்த ரெண்டு கிழடையும் கழட்டி விடுங்க. ஒண்ணுத்துக்கும் ஆகாத ஜென்மங்க. எண்ணெ தேய்க்கிறவனுக்கும் சிப்ஸ் விக்கிறவனுக்கும் எதுக்கு கேமு? நம்ம பசங்க ரெண்டு பேரு ரெடியா இருக்காங்க. இன்னும் ஒரு ஆட்டத்துக்கு நேரம் இருக்கு. வாங்க, ஏஸ் நிச்சயம்."

கடைக்குள் எல்லாருக்கும் கேட்டது. அவர்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று பாண்டியிடம் சொன்னவனே இசக்கிதான். ஒருநாள் சிரிப்புக்காகச் சொல்லிவைத்தான்.

நயினார் தன் போனைக் கவிழ்த்து வைத்தார். "நீ போய் ஆடுடே. நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் இசக்கி தப்பித்திருப்பான்.

அவனுக்குக் காது சுட்டது. பாய் மேல் இருந்த ஆத்திரம் இன்னும் தீரவில்லை, அதற்குள் இது வேறு. ஒரே டீயை மூன்றாகப் பிரித்துக் குடிக்கிறவன் ஏசலாம். முகம் தெரியாத பயலுக்கு என்ன வந்தது? தானும் அந்தப் பயலோடு சேர்ந்து சிரித்தோமே என்று நினைக்க இன்னும் எரிந்தது.

"ஏலே, அவியள ஏசுததுக்கு நான் ஒருத்தன் இருக்கேன். நீ யாருலே?"

பாண்டி ஏதோ சொல்ல ஆரம்பித்தான். இசக்கி அவனைக் குழுவிலிருந்து தூக்கினான். "ரெண்டு பேரும் போன எடுங்க" என்று அதட்டினான். "இந்தத் தடவ எவனையாவது சொகம் விசாரிச்சா பாருங்க!"

ஆட்டம் தொடங்கியது. ஆட்களை ஏற்றிய விமானம் சண்டை நடக்கும் தீவுக்கு மேல் பறந்தது. "இப்பக் குதிங்க" என்று சொல்லிவிட்டு இசக்கி குதித்தான். பாதி தூரம் விழுந்தபின் பார்த்தால் இருவரும் இன்னும் விமானத்திலேயே இருந்தார்கள். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று கனி பாய் நயினாருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். தப்பான பட்டன்.

"குதிங்க அண்ணாச்சி! பாய், குதிங்க!" இசக்கி கத்திய கத்தலில் எதிர்க்கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். அதற்குள் தீவு முடிந்து கடல் வந்துவிட்டது. ரொம்ப தூரத்தில், வெறும் தண்ணீருக்கு மேலே, இரண்டு பாராசூட்டுகள் பக்கத்துப் பக்கத்தில் விரிந்தன. வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசிக்கொண்டே இசக்கி தன் பாராசூட்டை அந்தப் பக்கம் திருப்பினான்.