வேட்டுப் போடாத ஊர்

ஜெபசீலனுக்கு அன்றைக்குக் காலையில் இட்லி தொண்டைக்குள் இறங்கவில்லை. இட்லி மேல் குற்றமில்லை மக்கா, ஷூட்டிங் இட்லி எப்போதும் பூப்போலத்தான் இருக்கும். தட்டைக் கையில் வைத்துக்கொண்டே குளத்தங்கரைப் பக்கம் நடந்தவர், சந்துக்குள் ஒரு வேன் நிற்பதைப் பார்த்தார். பின்னால் தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. கட்டுக்கு வெளியே சிவப்பாய் ஒரு சரவெடியின் வால் தொங்கியது.

சரவெடி. இந்த ஊரில்!

களக்காட்டுக்குக் கிழக்கே உள்ள ஊர் அது, மேலச்சிறுகுளம். மாசி பிறந்தால் குளத்துக்குள் நிற்கிற கருவேல மரம் ஒன்று பாக்கியில்லாமல் மஞ்சமூக்கு நாரை கூடு கட்டியிருக்கும். குளத்தில் இடம் போதாமல் தெருப் புளியமரத்திலும் கட்டும். எச்சம் தலையில் விழுந்தால் துடைத்துவிட்டுப் போவார்களே தவிர, ஒருத்தரும் கல் எடுக்க மாட்டார்கள். அந்த ஊரில் தீபாவளிக்கு வெடி கிடையாது, கோயில் கொடைத் திருவிழாவுக்கும் கிடையாது, பெரிய சாவு விழுந்தாலும் கிடையாது. சத்தம் கேட்டால் தாய்ப்பறவைகள் மொத்தமாய் எழும்பும். எழும்புகிற வேகத்தில் குஞ்சுகள் கூட்டை விட்டு உருண்டு கீழே விழும். விழுந்தால் அவ்வளவுதான்.

"சினிமா எடுங்க அண்ணாச்சி, நல்லா எடுங்க. வேட்டு மட்டும் கூடாது" என்று பஞ்சாயத்துத் தலைவி சங்கரி சொன்னபோது, "எம்பொறுப்பும்மா" என்று வாக்குக் கொடுத்தவர் ஜெபசீலன்தான்.

ஜெபசீலனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஆள் பாளையங்கோட்டைக்காரர். சின்ன வயசிலேயே சென்னைக்குப் போய், சினிமாக் கம்பெனியில் காப்பி வாங்கிக் கொடுப்பதில் தொடங்கிப் புரொடக்ஷன் மேனேஜர் ஆனவர். டைரக்டர் யானை கேட்டால் யானை, மழை கேட்டால் தண்ணி லாரி, முன்னூறு பேருக்குச் சாப்பாடு கேட்டால் இலையோடு சாப்பாடு. முட்டி தேய்ந்தபிறகு ஊருக்கு வந்துவிட்டார். ஆனாலும் தொழில் விட்டால்தானே? குற்றாலம், அம்பாசமுத்திரம் என்று எந்த யூனிட் வந்தாலும் "அண்ணே, ஒரு கை குடுங்க" என்று போன் வரும். போன் வராத நாட்களில் பைனாகுலரும் தொப்பியுமாய்க் குளம் குளமாய்ப் போய்ப் பறவை பார்ப்பார். "கட்டுன பொண்டாட்டிய முப்பது வருசமா பாக்காத கண்ணு, இப்ப கொக்கப் பாக்குது" என்பாள் அவர் மனைவி கெசியா.

அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. டைரக்டரிடம் 'முடியாது' என்ற சொல் கூடாது. கேட்டதற்கெல்லாம் "ஆகட்டும் சார்". நடக்காத காரியமென்றால் அன்றைக்குக் காலையில் பைய வந்து, பாகனுக்குக் காய்ச்சல், யானை வழியில் நிற்கிறது என்று தலையைச் சொறிய வேண்டும். டைரக்டர் கத்துவார், வானத்தைப் பார்ப்பார், அப்புறம் யானையில்லாமல் எடுத்துவிடுவார். யார் மனசும் நோகாது. ஜெபசீலன் அதில் கெட்டிக்காரர். வீட்டிலும் அதே பேச்சுத்தான். மகன் சுஜின் சின்னப்பிள்ளையில் "லீவுக்கு வருவியளாப்பா?" என்று போனில் கேட்கும்போதெல்லாம் "ஆகட்டும்லே" என்பார்.

இப்போது அந்த சுஜின்தான் டைரக்டர். முதல் படம். கொடை நடக்கிற ராத்திரி, வேட்டுச் சத்தத்தில் ஒரு பெண்ணின் அலறல் யார் காதிலும் விழாமல் போகிற காட்சி. "எப்பா, வெடி வேணும். நெசமாவே வெடிக்கணும். அந்த வெளிச்சம் முகத்துல அடிக்கணும்" என்று மூன்று வாரம் முன்னால் கேட்டான்.

முடியாது என்று சொல்ல வாயெடுத்தார். மகனுடைய முகத்தைப் பார்த்தார். முதல் படம், கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்து கிடக்கிறான். "ஆகட்டும்லே" என்று வந்துவிட்டது வாயில். கடைசி நேரத்தில் சரக்கு நனைந்துபோச்சு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தார். ஊருக்குக் கொடுத்த வாக்கைப் பற்றி அவனிடம் மூச்சே விடவில்லை.

அவர் வாங்காத வெடி இப்போது வேனில் இருக்கிறது.

யூனிட்டின் இப்போதைய மேனேஜர் ஸ்ரீவிஷ்ணுவைத் தேடிப் பிடித்தார். சென்னைப் பையன், காதில் ஒயர் மாட்டிக்கொண்டே இருப்பவன்.

"என்னப்பா இது? யார் சொல்லி எறக்குன?"

"டைரக்டர் சார்தான் சார். சாயங்காலம் லைட் டல்லானதும் ஷாட்."

"வெடிக்கு ஆள் வேணும், அனுமதி வேணும். அதெல்லாம் இல்லாம…"

"எல்லாம் வந்தாச்சு சார். உங்களை ஏன் தொந்தரவு பண்ணணும்னு சார் சொன்னார்." ஸ்ரீவிஷ்ணு சிரித்தான். கெட்ட சிரிப்பு இல்லை, பாவம். "'அப்பா ஆகட்டும்னு சொல்லிட்டார், அப்ப நடக்காது, நீயே பாத்துக்கோ'ன்னார்."

ஜெபசீலனுக்கு முகத்தில் யாரோ தண்ணீரை எடுத்து ஊற்றினமாதிரி இருந்தது. எத்தனை டைரக்டர்களை ஏமாற்றியிருப்பார்! ஒருத்தருக்கும் பிடிபடாத சூட்சுமம் அவனுக்கு மட்டும் எப்போதோ தெரிந்திருக்கிறது.

மத்தியானம் முழுக்க மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தார். வேனைக் களக்காட்டுக்கு அனுப்பப் பார்த்தார், டிரைவர் சாவியைத் தர மாட்டேன் என்றான். தார்ப்பாயில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் என்ன என்று தோன்றியது. குடம் வரைக்கும் போய், யாரோ வருகிறார்கள் என்று திரும்பிவிட்டார். அறுபத்தாறு வயசில் திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார் மனுஷன்.

சங்கரி வந்தாள். "சாப்ட்டியளா அண்ணாச்சி? மொகம் ஏன் இப்படிக் கெடக்கு?"

"வெயிலும்மா."

"புளியமரத்துக் கூட்டுல நேத்துத்தான் குஞ்சு பொரிச்சிருக்கு. எங்க வீட்டு மாடியில நின்னா தெரியும். பொறவு வந்து பாருங்க" என்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவர் பேச்சை நம்பி ஊர்க்கூட்டத்தில் மல்லுக்கட்டிச் சம்மதம் வாங்கியவள்.

கெசியாவுக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னார்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுதிய? அவங்கிட்டச் சொல்லுங்க."

"அவன் மனசு ஒடிஞ்சிரும் கெசியா. முதல் படம்."

"ஒடியட்டும். இத்தன வருசமா நீங்க ஒடிக்காம வச்சிருந்த மனசாக்கும்? போங்க, போயி வாயத் தொறந்து சொல்லுங்க." போனை வைத்துவிட்டாள்.

வெயில் சாய்ந்துவிட்டது. மேற்கே மலைக்குப் பின்னால் சிவப்பு ஏற ஏற, இரைக்குப் போன நாரைகள் ஒவ்வொன்றாய்க் காலை நீட்டிக்கொண்டு வந்து இறங்கின. கூட்டுக்குள் குஞ்சுகள் போட்ட கத்தல் தெரு வரைக்கும் கேட்டது. தெருவில் சரத்தை விரித்துக்கொண்டிருந்தார்கள். ஜெபசீலன் அதைத் தாண்டி மகன் இருந்த இடத்துக்கு நடந்தார்.

சுஜின் ஷாட் பார்க்கிற டிவிப் பெட்டி முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"சுஜின். வெடி போடக்கூடாதுலே."

அவன் திரும்பாமலே, "என்னப்பா, சரக்கு நனஞ்சிட்டா?" என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"நனையல. நல்லாத்தான் இருக்கு. போடக்கூடாது. வேட்டு இல்லைன்னு இந்த ஊருக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன். போட்டா அம்புட்டுக் குஞ்சும் கீழ விழும். உங்கிட்ட அன்னைக்கே முடியாதுன்னு சொல்லிருக்கணும். சொல்லல."

இப்போது திரும்பினான். "வாக்குக் குடுத்தியளா? எப்ப?"

"இடம் பாக்க வந்த அன்னைக்கே."

"எங்கிட்டச் சொல்லணும்னு தோணலியா?" குரல் உயர்ந்தது. "ஹீரோவுக்கு இன்னையோட தேதி முடியுது. நாளைக்கு அவர் இல்ல. இப்ப வந்து, வெளிச்சம் போற நேரத்துல வந்து சொல்லுதியளே! நான் வேற ஊரு பாத்திருப்பேம்லா? வேற மாதிரி எழுதியிருப்பேம்லா?"

"ஆமா."

"என்ன ஆமா?"

"நீ சொல்லுதது சரிதான். ஆனாலும் போடக்கூடாது."

யாரும் சிரிக்கவில்லை. சுஜின் காதுவரை சிவந்து நின்றான். தெருவில் வத்திக்குச்சியும் கையுமாய் ஒருத்தன் இவர்கள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க அங்கன போங்கப்பா" என்றான் சுஜின். "என் கண்ணு முன்னால நிக்காதிய."

ஜெபசீலன் குளத்துக்கரைக்குப் போனார். போடுவானா, மாட்டானா என்று அவன் சொல்லவில்லை. அவருக்கும் கேட்கத் துணிவில்லை. கரை மேல் நின்று மரங்களைப் பார்த்தார். பக்கத்துக் கிளையில் ஒரு தாய் நாரை, நனைந்த பஞ்சு போல இருந்த குஞ்சின் மேல் சிறகைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தது. "ஸ்டார்ட்" என்று சத்தம் வந்தது. அவர் தோள் தானாய்க் குறுகியது. கண்ணை மூடிக்கொண்டார். ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு ஜெபம் வரவில்லை.

பெண் அலறுகிற சத்தம் மட்டும் கேட்டது. வேறு ஒன்றும் இல்லை. மறுபடியும் "ஸ்டார்ட்". மறுபடியும் அலறல். விளக்குகளை அணைத்து அணைத்துப் போட்டு எடுத்தார்கள் போலிருக்கிறது, வீட்டுச் சுவர்கள் மின்னி மின்னி இருண்டன. அந்த மின்னலில் ஒன்றிரண்டு நாரைகள் கழுத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மடக்கிக்கொண்டன. கொஞ்ச நேரத்தில் தார்ப்பாய் கட்டிய வேன் அவரைத் தாண்டி மெயின்ரோட்டுக்குப் போயிற்று. அப்போதுதான் கரையில் உட்கார்ந்தார்.

பாளையங்கோட்டைக்குத் திரும்பும்போது சுஜின் காரின் பின்கதவைத் திறந்து ஏறினார். அவன் ஏறச் சொல்லவில்லை. மெயின்ரோட்டில் ஏறியதும் ஆரம்பித்தான்.

"அந்த சீன் போச்சு. தெரியுமா? விளக்கப் போட்டு அணச்சா வேட்டு ஆயிருமா? கல்யாண வீட்டு சீரியல் பல்பு மாதிரி இருக்கு. படத்துக்கே உசுரு அதுதான்."

அதோடு அவன் நிற்கவில்லை.

"அம்மாவுக்கு ஆபரேஷன் அன்னைக்கும் இப்படித்தான். வாரேன், வாரேன்னு சொன்னிய. நான் ஸ்கூல் யூனிபார்மோட ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னேன். வர முடியாதுன்னு ஒரு வார்த்த சொல்லிருந்தா நான் உள்ள போயி அம்மாகூட இருந்திருப்பேன்."

"சொல்லிருக்கணும்" என்றார் ஜெபசீலன்.

"சொல்லிருக்கணும்னு இப்பச் சொல்லுங்க!"

இதுவரை அப்பாவும் மகனும் சண்டையே போட்டதில்லை மக்கா. சண்டை போட ஒரு 'முடியாது' வேண்டாமா? அவன் திட்டிக்கொண்டே வந்தான். பள்ளிக்கூடம், காலேஜ், கிறிஸ்மஸ் என்று வருஷம் வருஷமாய் எடுத்து முன்னால் போட்டான். டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டான். நாங்குநேரி தாண்டியும் அவன் ஓயவில்லை. ஒரு வார்த்தையும் காற்றில் போய்விடக் கூடாதே என்று ஜெபசீலன் தன் பக்கத்து ஜன்னல் கண்ணாடியைப் பைய ஏற்றிவிட்டார்.