வியாழக்கிழமை முறை

மழலையர் பள்ளியின் கட்டணத்தைப் பெரிய டீச்சர் சொன்னபோது, அது ஒரு வருடத்துக்கு என்று நினைத்து அவள் தலையாட்டினாள். “இது மாசத்துக்கும்மா” என்று டீச்சர் மெல்லச் சொன்னதும், ஆடிய தலையை எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. கணவன் ஒரு பேக்கரிக்கு வண்டி ஓட்டினான். ஊர் விழிப்பதற்குள் கடைகடையாக ரொட்டியை இறக்கிவிட்டு, அவள் கிளம்பும் நேரத்துக்கு வீடு திரும்புவான். பிறகு மகள் அவன் பொறுப்பு. பிடித்ததை விடாத குணத்தால் அவளுக்குக் கட்டெறும்பு என்று பெயர். தூங்கும் அப்பாவின் இமையைப் பிரித்து உள்ளே யார் என்று பார்ப்பதுதான் அவளுடைய பகல் விளையாட்டு. ஒருநாள் விடியலில் அவனுக்குக் கண் சொருகி, வண்டி நடைபாதையில் ஏறிவிட்டது. யாருக்கும் அடியில்லை. அதன்பிறகுதான் பள்ளி தேடினார்கள்.

“எதுக்கு இந்த யானையக் கட்டித் தீனி போடுற வேலை? புள்ளைய என்கிட்ட விடேன்” என்றாள் நாத்தனார். பக்கத்துத் தெருவில்தான் வீடு. ஆனால் அங்கே டிவி அணைந்ததே இல்லை. நாத்தனாரின் வாயும் அப்படித்தான். “பாக்கலாம் அண்ணி” என்று நழுவிவிட்டாள்.

வழி சொன்னது பெரிய டீச்சர்தான். வாரத்தில் ஒருநாள் அப்பாவோ அம்மாவோ வந்து குழந்தைகளைப் பார்த்துக்கொண்டால் கட்டணத்தில் பாதி போதும். அவளுடைய முதலாளி வாரநாளில் லீவு தரமாட்டார். ஆகவே அது கணவன் தலையில் விழுந்தது.

“எனக்கு ரொட்டிதான் தூக்கத் தெரியும்.”

“அதே மாதிரி தூக்குங்க. அதுங்களும் சூடா, மெத்துமெத்துனுதான் இருக்கும்.”

வியாழக்கிழமை அவன் முறை. அவளுக்குக் கடையில் இருப்புக் கொள்ளாது. ஆனால் அவன் சமாளித்தான். குழந்தைகள் அவனை ரொட்டி மாமா என்று கூப்பிட்டுத் தோளில் ஏறினார்கள். மடியில் மட்டும் கட்டெறும்பு யாரையும் அண்டவிடவில்லை. வியாழனன்று அவன் துளியும் தூங்குவதில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்கவில்லை. கேட்டால் அவன் உண்மையைச் சொல்லிவிடுவானே.

ஒரு வியாழன் மாலை அவள் வீடு வந்தபோது, அவன் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தான். கட்டெறும்பு பக்கத்தில் பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தாள்.

“அசந்துட்டேன்” என்றான்.

குழந்தைகளை மதியம் தூங்கவைக்கும் நேரம். கூட இருந்த சின்ன டீச்சர் போன் பேச வெளியே போயிருக்கிறாள். சுவரில் சாய்ந்தவன் கண் விழித்தபோது ஒரு பாய் காலி. பல் டாக்டரின் மகன் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தால், வெளிவாசல் கேட்டைத் திறந்துகொண்டு, தெருவோரத்தில் நின்று பஸ்களுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருக்கிறான். அள்ளிவந்து பாயில் போட்டதும் பையன் தூங்கிப்போனான்.

“யாராவது பாத்தாங்களா?” என்றாள்.

“இல்ல.”

“அப்ப வாயத் தொறக்காதீங்க. ஒண்ணும் ஆகல இல்ல? பாதி கட்டணமும் போச்சுன்னா நாம எங்க போறது?”

அவன் குனிந்து செருப்பைக் கழற்றினான். அவள் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் லென்ஸ் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். தேய்க்கும் கல் சுழன்றது. கண்ணுக்குள் பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. தெருவோரத்தில் நிற்கும் பையனுக்கு முதலில் முகமில்லை. கொஞ்ச நேரத்தில் கட்டெறும்பின் முகம் வந்துவிட்டது. அவளை அள்ளிவந்து படுக்கவைத்துவிட்டு வேறொருவன் வாய்மூடி இருந்தால்? தூங்கிவழிந்த அந்த ஆளே அடுத்த வாரமும் அவளைப் பார்த்துக்கொண்டால்? லென்ஸ் ஓரத்தில் பிளந்தது. முதலாளி நிமிர்ந்து பார்த்தார். “தலவலி சார்” என்று சொல்லிவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பள்ளிக்கு ஓடினாள்.

பெரிய டீச்சர் அவளைக் கண்டதும் உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“நேத்து நடந்ததைச் சொல்லணும்…” என்று ஆரம்பித்தாள்.

“உங்க வீட்டுக்காரர் காலையிலயே வந்து சொல்லிட்டார். வண்டிய வாசல்லயே நிறுத்திட்டு, கையெல்லாம் மாவோட.”

பக்கத்திலிருந்த சின்ன நாற்காலியில் உட்கார்ந்தாள். அது குழந்தைகளின் நாற்காலி. முழங்கால் தாடையை இடித்தது.

“தப்பு எங்க மேலயும் இருக்கு. ஒரே ஆள விட்டுட்டுப் போனது பெரிய தப்பு. சின்ன டீச்சர்கிட்டயும் பேசிட்டேன், பையனோட அப்பா அம்மாகிட்டயும் சொல்லிட்டேன். ஆனா இனிமே அவர் குழந்தைங்க கூட இருக்க முடியாதும்மா.”

“அப்ப கட்டணம்?”

டீச்சர் ஜன்னலைப் பார்த்தார். “சனிக்கிழமை வந்து கழுவித் தொடைக்கிற வேலை இருக்கு. அதுக்கு அவ்வளவு குறையாது. வேணும்னா வாரத்துல மூணு நாள் மட்டும் அனுப்புங்க. அதுவும் ஒரு வழிதான்.”

அன்று மாலை, தன்னிடம் சொல்லாமல் போய் டீச்சரிடம் சொன்னதற்காகக் கணவனிடம் சண்டை பிடிக்க வாயெடுத்தாள். தானும் அதற்காகவே போனது நினைவுக்கு வர, சண்டை பாதியில் நின்றது. “என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்” என்றாள். “சொன்னா நீ தடுத்திருப்ப” என்றான்.

மீதி நாட்களுக்கு நாத்தனார் வீட்டுக் கதவைத் தட்டவேண்டி வந்தது. ஒரு ஏச்சுக்குத் தயாராகித்தான் போனாள். நாத்தனார் ஒன்றுக்கு நான்காகவே கொடுத்தாள். “அப்பவே சொன்னேன்ல? எங்க வீடு கசந்துது, இப்ப இனிக்குதா?” திட்டிக்கொண்டே கட்டெறும்பைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். “பகல்ல கொஞ்ச நேரமாவது டிவிய அணைச்சு வைங்க அண்ணி” என்று இவள் துணிந்து கேட்டாள். “பாக்கலாம்” என்றாள் நாத்தனார்.

அவன் சனிக்கிழமைகளில் பாய்களைக் கழுவி வெயிலில் போட்டான். மற்ற நாட்களில் பகலில் தூங்கினான். இருந்தும் மாதக் கடைசியில் கையைக் கடித்தது. அவள் கடையில் கூடுதல் நேரம் நின்றாள்.

ஒரு திங்கட்கிழமை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டுக் கடைக்குப் பஸ் பிடிக்கத் திரும்பியபோது, வாசலில் பல் டாக்டரின் மனைவி எதிரே வந்தாள். ஒதுங்கிப் போக வழியில்லை.

“ரொட்டி மாமாவோட வீட்டம்மாதானே நீங்க?”

“ஆமாங்க. மன்னிச்…”

“அவர் வந்து சொன்னார்ங்கறதால கோவம் போயிடுச்சுன்னு நெனைக்காதீங்க. போகல. ராத்திரியில எந்திரிச்சு அவன் படுக்கையத் தடவிப் பாக்குறேன். ஆனா சொல்லாம விட்டிருந்தா நான் ஒண்ணும் தெரியாம நிம்மதியா இருந்திருப்பேன் பாருங்க… அதுதான் இன்னும் பயமா இருக்கு.”

‘சொல்லாதே என்றவள் நான்தான்’ என்பதை மட்டும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமோ என்றும் தெரியவில்லை.

உள்ளே கட்டெறும்பு அந்தப் பையனின் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவது ஜன்னல் வழியே தெரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உங்க பஸ்ஸா அது? போகுதே” என்றாள் டாக்டரின் மனைவி.

“போகட்டும். அடுத்தது வரும்” என்றாள் இவள். அங்கிருந்து நகர மனமில்லை.