மாம்பலம் ஏரியில் முளைத்த மலை

1942-ஆம் வருஷம் சித்திரை மாதம் தியாகராய நகரில் ஒரு மலை முளைத்தது. பழைய மாம்பலம் ஏரியைத் தூர்த்து மனை போட்ட இடத்தில், துணிக்கடை வைரவன் கட்டிய வீட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு நாளுக்கொரு முழம் எழும்பியது. பார்க்க ஆளில்லை. ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் கதவைப் பூட்டிவிட்டு ஓடியிருந்தது. திருநெல்வேலிக்காரனான வைரவனும் செங்கல்பட்டுக்கு ஓடினான். மெஹபூப் அலியின் மாட்டுவண்டியில் துணி மூட்டைகளை ஏற்றியதும் மனைவி பேச்சியம்மாளுக்கு இடமில்லை. வண்டியைத் திருப்பி அனுப்புகிறேன் என்றான், அனுப்பவில்லை. மூட்டை இருக்கும் இடம் தெரிந்தவன் கொள்ளைக்கு ஆள் கூட்டி வருவான் என்று வண்டிக்காரனைச் செங்கல்பட்டிலேயே பிடித்து வைத்துக்கொண்டான்.

ஆனியில் மூட்டைகளோடு திரும்பினார்கள். மலை ரெண்டு பனை உயரம் நின்றது. தெருவில் வெயில் கொளுத்த, அதன்மேல் மட்டும் பனிமூட்டம். கருஞ்சேறு, பஞ்சு மாதிரிப் பாசி, கொத்துக் கொத்தாகக் கோரை, பூச்சி தின்னும் அழுகண்ணிச் செடி. ஐப்பசிக்கு மேல் வரவேண்டிய உள்ளான் குருவிகள் ஆனியிலேயே சேற்றில் மூக்கை விட்டுத் துழாவின.

"இன்னா மொதலாளி, உன் ஊடு மேல ஏறிக்கினு கீது?" என்றான் மெஹபூப் அலி.

உச்சியில் பேச்சியம்மாள் சேலை உலர்த்திக்கொண்டிருந்தாள். "கோரை மேல கால் வைங்க. பச்சையாத் தெரியுத எடத்துல வச்சிராதிய!" என்று கத்தினாள்.

வைரவன் நம்பவில்லை. விட்டுப்போனவனுக்கு எவள் நல்ல வழி சொல்வாள்? பச்சையில் வைத்தான். இடுப்புவரை இறங்கிவிட்டான்.

"மூட்டைக்கு எடம் இருந்துச்சுல்லா? அதையே போட்டு ஏறி வாங்க. மனசில்லன்னா அதுகூடவே குடும்பம் நடத்துங்க."

மெஹபூப் அலி கோரை மேல் நடந்து பின்னாலேயே வந்து ஒவ்வொரு மூட்டையாக எடுத்துக்கொடுத்தான். வைரவன் சேற்றில் போட்டு ஏறினான். மிதித்துத் தாண்டியதும் மலை அதை விழுங்கியது. கடைசி மூட்டை பட்டு.

"போடப்போறியா, வெச்சுக்கப்போறியா?" என்றான் மெஹபூப் அலி.

வைரவன் மூட்டையை ஒருமுறை தடவிப் பார்த்தான். பிறகு போட்டான்.

பேச்சியம்மாள் வாசலில் ஒரு செம்பு தண்ணீர் வைத்தாள். "காலக் கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள்.

கார்ப்பரேஷன்காரர்கள் அந்த வீட்டுக்கு மலைக்கும் சேர்த்து வரி போட்டார்கள். தபால்காரன் கீழேயே நின்று கூப்பிடுவான். கால் தாங்கும் இடம் தினம் மாறும். எது என்று பேச்சியம்மாளுக்கு மட்டும்தான் தெரியும். பெற்ற தாயையே நம்பாத வைரவன், தினமும் கடையைக் கட்டிவிட்டு வந்து செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடிவாரத்தில் நிற்பான். மேலிருந்து அவள் சொல்லுவாள். சொன்ன இடத்தில் கால் வைப்பான்.