பதினோராம் மேசையின் ஊசி

நான் எழுதியது சரி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம்.

உடற்கூறியல் மறுதேர்வு முடிவை மார்ச் மாத உச்சி வெயிலில் வெளிச்சுவரில் ஒட்டினார்கள். ஐம்பது வந்தால் மருத்துவத்தில் இருக்கலாம். வராவிட்டால் விலங்கியல் துறைக்குத் தள்ளிவிடுவார்கள், போய்த் தவளையோடு குடும்பம் நடத்த வேண்டியதுதான். மூன்றாவது வாய்ப்பு கிடையாது. என் பெயர் மிமிடூ. நேரே நாற்பத்தொன்பது. எனக்குக் கீழே டெர்ங்கு, அவனுக்கும் நாற்பத்தொன்பது. எனக்கு மேலே என் அறைத்தோழி கஷிமனா, அறுபத்திரண்டு.

எங்கே கோட்டை விட்டேன் என்று யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. நான் எங்கேயும் கோட்டை விடவில்லை. பதினோராம் மேசையில் என்னைக் கவிழ்த்தார்கள்.

எங்கள் தேர்வு மணியடித்து நடக்கும். இருபது மேசை, ஒவ்வொன்றிலும் அறுத்து வைத்த உடலின் ஒரு பாகம், அதில் சிவப்புக் கொடி வைத்த ஓர் ஊசி. ஊசி குத்தியிருப்பது என்ன, அதை வெட்டினால் என்ன போகும், இரண்டையும் எழுத வேண்டும். ஆளுக்கு ஒன்றரை நிமிடம். மணி அடித்தால் பாதி எழுத்தில் விட்டுவிட்டு அடுத்த மேசைக்கு ஓட வேண்டும். உடலைத் தொட்டால் அதோடு வெளியே.

பதினோராம் மேசையில் ஒரு கை. கஷிமனா அங்கே எழுதி முடித்துத் திரும்பும்போது அவள் கோட்டுக் கை ஊசியில் மாட்டியது. ஊசி தரையில் விழுந்தது. பத்தாம் மேசையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். துறைத் தலைவர் டாக்டர் அகாஹன் ஓடி வந்தார், "கண்ணு பின்னாடியா இருக்கு?" என்று அவளைத் திட்டிக்கொண்டே ஊசியை எடுத்துக் குத்தினார். மணி அடித்தது. நான் போனேன்.

மணிக்கட்டில் மீடியன் நரம்பும் பால்மாரிஸ் தசைநாணும் உரசிக்கொண்டு கிடக்கும். செத்த உடலில் இரண்டும் ஒரே வெளிறல். முதல் வருடத்தில் இதைக் குழப்பாத ஆளே இல்லை. நரம்பு போனால் கட்டைவிரல் போச்சு. அந்தத் தசைநாண் சில பேருக்குப் பிறவியிலேயே கிடையாது, இருந்தாலும் பெரிதாக வேலை இல்லை. ஊசி தசைநாணில் இருந்தது. கண்ணால் பார்த்தேன், மேலே அது தசையாகும் இடம் வரை பார்த்தேன். பால்மாரிஸ் தசைநாண், வெட்டினால் ஒன்றும் போகாது, என்று எழுதினேன்.

நேரே அகாஹன் அறைக்குப் போனேன். மின்சாரம் இல்லை, ஒரு கோப்பால் விசிறிக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணுல மீடியன் நரம்பு. நீ தசைநாண்னு எழுதியிருக்கே. அதோட ஒண்ணும் போகாதுன்னு திமிரா வேற."

"ஊசி விழுந்துச்சு சார். நீங்க திரும்பக் குத்தினது தசைநாண்ல."

"ஃபெயிலானவங்க எல்லாருக்கும் ஊசிதான் நகருது. பாஸானவங்க ஒருத்தருக்காவது நகர்ந்திருக்கா?"

அங்கிருந்து விடுதிக்கு நடந்தேன்.

விடுதியில் கஷிமனா கட்டிலில் உட்கார்ந்து வள்ளிக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள்.

"வா, ஊசி விழுந்துச்சுன்னு அவர்கிட்ட எழுதிக் கொடு. அது போதும்."

"அவர் திட்டுனதோட விட்டுட்டார். எழுத்துல போனா உடலைத் தொட்டேன்னு என்னைத் தூக்கிருவாங்க."

"தெரியாம பட்டதுதானே?"

"அதை நீ நம்புவே. அவங்க நம்புவாங்களா? மிமிடூ, உண்மை நல்லதுன்னு உனக்குத்தான்டி பேர் வெச்சாங்க, எனக்கு வெக்கல."

"உன் கோட்டுக்கை பட்டு என் வாழ்க்கையும் டெர்ங்கு வாழ்க்கையும் போகுது. நீ வறுவல் திங்கறே. நாளைக்கு ஒரு நோயாளி உன் கையால செத்தாலும் இப்படித்தான் வாயை மூடிட்டு இருப்பியா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். அழுதாள். எனக்குக் கொஞ்சமும் இரக்கம் வரவில்லை. கோழை என்றேன். இன்னும் சிலவும் சொன்னேன், அதையெல்லாம் எழுத முடியாது. கதவை அறைந்து சாத்திவிட்டு மறுபடி அகாஹனிடம் போனேன்.

"சார், வெளித்தேர்வாளர் சரிபார்க்க வியாழக்கிழமை வர்ற வரைக்கும் மேசையைக் கலைக்க மாட்டீங்க. ஊசி இன்னும் அங்கதான் இருக்கு. வந்து காட்டுங்க. நரம்புல இருந்தா நானே விலங்கியலுக்கு எழுதிக் கொடுத்துட்டுப் போயிடறேன்."

அவருக்கு அது பிடித்துப்போயிற்று. என்னைத் தொலைக்க வழி கிடைத்த சந்தோஷத்தில் சாவியை எடுத்தார்.

கூடத்தில் மருந்து நெடி கண்ணைக் கரித்தது. பதினோராம் மேசைத் துணியை விலக்கினார். சிவப்புக் கொடி அப்படியே நின்றது.

"பார். மீடியன்."

இடுக்கியை எடுத்து, ஊசி குத்தியிருந்ததைப் பிடித்து மெல்ல இழுத்தேன். உள்ளங்கை முழுக்க இழுபட்டுச் சுருங்கியது. நரம்பை இழுத்தால் அப்படி ஆகாது, தசைநாணை இழுத்தால்தான் ஆகும். பக்கத்தில், கொஞ்சம் உள்ளே தள்ளி, உண்மையான நரம்பு சப்பையாகக் கிடந்தது. இன்னொரு தடவை இழுத்தேன். அவசியமே இல்லை, அவர் முகத்தைப் பார்க்கத்தான் இழுத்தேன்.

இருபது வருடமாக இதைச் சொல்லிக்கொடுக்கிற மனுஷன். முதல் வருடப் பையன் பண்ணுகிற தப்பு.

அவர் துணியை மூடினார். "ரெண்டு மார்க் போடறேன். உனக்கு அம்பத்தொண்ணு," என்றார்.

"டெர்ங்குவும் இதையேதான் எழுதியிருப்பான் சார். எனக்கு அடுத்து, கடைசியா வந்தவன்."

"எழுதியிருக்கான்."

"அப்போ அவனுக்கும்..."

"ஒருத்தருக்குன்னா கூட்டல் தப்புன்னு சொல்லிக்கலாம். ரெண்டு பேருக்கு, அதே மேசையில? வெளித்தேர்வாளர் கேப்பார். தேர்வே ரத்தாகும். எல்லாரும் திரும்ப எழுதணும், நீயும். அடுத்த தடவை வேற கேள்வி, வேற உடல். இல்லேன்னா, உனக்கு மட்டும் இப்பவே திருத்திடறேன். நீயே சொல்லு."

கத்தியிருக்க வேண்டும். வாசலில் போய் நின்று ஊரைக் கூட்டியிருக்க வேண்டும். கஷிமனாவைக் கிழித்த வாய்தானே இது. அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார். கூட்டல் பிழை என்ற இடத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்.

போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை டெர்ங்கு விடுதியைக் காலி செய்தான். தகரப்பெட்டியை வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் ரப்பர் வாரால் கட்டிக்கொண்டிருந்தான். இவனுக்கு மருத்துவத்தில் இடம் கிடைத்தபோது இவன் ஊரில் ஆடு அடித்து முழு இரவும் ஆடினார்களாம், முதல் வருடம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லி எங்களைச் சாகடித்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் சிரித்தான்.

"உனக்குக் கூட்டல்ல தப்பாமே. தப்பிச்சே போ."

"ம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மனசு ஆறல. பதினொண்ணுல நீ என்ன எழுதுனே? நான் சத்தியமா பால்மாரிஸ்னுதான் நினைச்சேன். ஊசி அதுல இருந்த மாதிரியே இருந்துச்சு."

வண்டிக்காரன் கிளம்பலாமா என்று ஹாரன் அடித்தான். பால்மாரிஸ் என்று நான் சொன்னால் இவன் பெட்டியை அவிழ்த்துவிடுவான். நேரே துறைக்கு நடப்பான்.

"மீடியன் நரம்பு," என்றேன்.

"அப்படியா." தலையை ஆட்டினான். "அப்போ என் கண்ணுலதான் கோளாறு. நரம்புக்கும் நாணுக்கும் வித்தியாசம் தெரியாதவன் டாக்டராகி என்னத்தக் கிழிக்கப் போறேன். அவங்க பண்ணுனது சரிதான்."

வண்டியில் ஏறி உட்கார்ந்தான். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் சேர்த்து மணிக்கட்டை மடக்கினான், பால்மாரிஸ் இருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி. தோலுக்கடியில் தசைநாண் கயிறாக எழுந்து நின்றது. வாசல் தாண்டும் வரை அதைப் பார்த்துக்கொண்டே போனான்.