லின்னியாவின் மணிகளும் ஒரு கை உப்பும்

என் தங்கை லின்னியா பேசினால் வீடே கேட்கும். நான் பேசினால் "அப்புறம் சொல்லு மாரிட்" என்பார்கள். அவள் பிறந்து பதினைந்து வருடமாக இப்படித்தான். ஆனால் அறிவியல் கண்காட்சி என்னுடையது. எங்கள் மின்னசோட்டாப் பள்ளியிலிருந்து ஆண்டுக்கு ஒருவர்தான் மாவட்டப் போட்டிக்குப் போகலாம்; போன இரண்டு வருடமும் போனது நான். இந்த வருடம் அவளும் பெயர் கொடுத்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

அவள் சோதனை எங்கள் சமையலறையிலேயே நடந்தது. தொழிற்சாலைகளில் வினையூக்கித் துகள்களுக்கு மெல்லிய உறை போடுவார்களாம். உதிராமல் பல முறை உழைக்குமாம். அதற்கு மாதிரியாக ஈஸ்டைக் கடற்பாசிப் பசையில் கலந்து, கால்சியம் கரைத்த நீரில் சொட்டுச் சொட்டாக விட்டாள். ஒவ்வொரு சொட்டும் பட்டாணி அளவு மணியாக உருண்டது. தினமும் அவற்றைப் பெராக்சைடில் போட்டு எவ்வளவு நுரைக்கிறது என்று அளந்தாள். நானும் ஈஸ்டைத்தான் எடுத்திருந்தேன், உறை இல்லாமல், வெவ்வேறு சூட்டில். என் நுரை குவளையைத் தாண்டி வழிந்தது.

"உன் மணியெல்லாம் தூங்குதுடி. தாலாட்டு பாடினியா?" என்றேன்.

"மெதுவாத்தான் வேலை செய்யும்க்கா. ஆனா நாளைக்கும் செய்யும். உன்னோடது?"

என்னுடையது அன்றே சாக்கடைக்குப் போயிருந்தது. எங்கள் அறிவியல் ஆசிரியர் ஹால்வர்சன் சார் அவள் வரைபடத்தைப் பார்த்து "அடடா!" என்றார். என்னுடையதைப் பார்த்து "நல்லாயிருக்கு" என்றார்.

சனிக்கிழமை அவள் ஹாக்கி ஆட வெளியூர் போனாள். எங்கள் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். அதை நீக்கும் எந்திரம் நிலவறையில் இருக்கிறது. அதற்கு உப்புக் கட்டிகளைக் கொட்டுவது என் வேலை. மூட்டையைப் பிரிக்கும்போது தோன்றியது: நீரிலிருந்து கால்சியத்தைப் பிடுங்க உதவும் உப்பு, மணியின் உறையைக் கட்டியிருக்கும் கால்சியத்தையும் பிடுங்காதா? மூளை எனக்கும் உண்டு. ஒரு கை அள்ளி, அவள் மணிகளை நீரில் போட்டு வைத்திருந்த ஜாடியில் போட்டேன். ஞாயிறு மதியம் மணிகளைக் கழுவி, தெரியாமலிருக்க, மாற்றி ஊற்ற அவள் தனியே எடுத்து வைத்திருந்த நீரையே ஊற்றி வைத்தேன்.

கரைந்து போயிருக்கும் என்று நினைத்தேன். பாழாய்ப் போனவை கரையவில்லை, உப்பியிருந்தன. மாலையில் ஊரிலிருந்து திரும்பிய லின்னியா பெராக்சைடில் போட்டதும் என்றுமில்லாத அளவுக்கு நுரைத்தன. கெடுக்கப் போய் நானே அவளுக்கு உதவிவிட்டேன் என்று என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

ஆனால் லின்னியா சிரிக்கவில்லை.

"நுரை ஏறக் கூடாதேம்மா. தினம் கொஞ்சம் குறைஞ்சுதானே வந்துச்சு. இன்னிக்கு எப்படி ரெண்டு மடங்கு?"

இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ் தட்டை அடுப்பிலிருந்து எடுத்தபடி அம்மா, "நல்லதுதானே, எழுதிடு" என்றாள்.

"ஏன்னு தெரியாம எப்படி எழுதுறது? நான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேன். விலகிக்கிறேன்னு நாளைக்கு சார்கிட்ட சொல்லிடுறேன்." அவள் அழுதாள்.

இதைத்தானே நான் வேண்டினேன்? இனி இடம் எனக்குத்தான். ஆனால் என் தட்டைத் தள்ளி வைத்தேன். அவள் தன்னையே சந்தேகப்பட்டாளே தவிர, என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. அதிலும் அவள் என்னை ஜெயித்துவிட்டாள்.

"உப்பு போட்டது நான்தான்," என்று கத்தினேன். "கீழ இருக்கிற உப்பு. உன் உறை இளகியிருக்கும், அதான் இவ்வளவு நுரை. போதுமா? திட்டு. அடி."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். லின்னியா மூக்கைத் துடைத்துக்கொண்டு நோட்டை இழுத்தாள்.

"எத்தனை கட்டி?"

"என்னது?"

"எத்தனை கட்டி போட்டே, எத்தனை மணி நேரம் ஊறுச்சு? இனிமே உன்கூட பேச மாட்டேன். அதுக்கு முன்னாடி இதைச் சொல்லிடு."

பென்சில் தாளின் மேல் காத்திருந்தது. அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் ஜாடியை என் தலையில் உடைத்திருப்பேன்.

"எண்ணலை," என்றேன்.

மாவட்டப் போட்டிக்கு யார் போக வேண்டும் என்று அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.