வால் வந்து சேரும்வரை

"சாவு வீட்டுக்கு வந்தவுக தலையில சட்டியக் கவுத்துக்கிட்டா நிப்பாக? கழத்தச் சொல்லுதேன், காது கேக்கல?"

பெரியப்பா குமரவேலின் குரல் பந்தலைத் தாண்டித் தெருக்கோடி வரை கேட்டது. வாசலில் சைக்கிள்களைப் பிடித்தபடி நின்ற பத்துப் பேரில் ஒருவர்கூட அசையவில்லை. ஆணும் பெண்ணுமாக, வெயிலில் கன்றிய முகம், புழுதி அப்பிய கால்கள், தாடைக்கடியில் வாரை இறுக்கிய ஹெல்மெட். அழுதவர்கள்கூட அதைக் கழற்றாமல்தான் அழுதார்கள். துட்டி கேட்க வந்திருந்த பெண்கள் ஒப்பாரியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள்.

உள்ளே அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த வேணிக்கு மட்டும் காரணம் தெரியும். அப்பா காந்திமதிநாதன் வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் நண்பர்களோடு ஆரம்பித்த குழு அது. தை மாதம் வந்தால் போதும், கொச்சியில் கிளம்பி, மூணாறு ஏறி, போடிமெட்டில் இறங்கி, மறுபடி குமுளி ஏறி, ஆரியங்காவு வழியாகத் திருநெல்வேலிக்கு மிதித்தே வருவார்கள். அதில் அப்பாதான் எப்போதும் கடைசி. முடியாமல் அல்ல, கேட்டு வாங்கிய இடம் அது. யார் தளர்ந்து உட்கார்ந்தாலும், யார் டயர் பஞ்சரானாலும், அவருக்குப் பின்னால் ஆள் விடுபட முடியாது. அந்த இடத்துக்கு 'வால்' என்று பெயர்.

ஊர் ஆற்றின் குறுக்குத்துறைப் படித்துறைக்கு வால் வந்து, முன்சக்கரத்தை ஆற்றில் நனைத்தால்தான் பயணம் முடிந்ததாகக் கணக்கு. அதுவரை முதலில் வந்தவனும் ஹெல்மெட்டைக் கழற்றக் கூடாது. வருஷாவருஷம் வேணி படித்துறையில் மோர்ப் பானையோடு நிற்பாள். "அண்ணாச்சி, தலை வேகுது, வாங்க!" என்று மற்றவர்கள் சாலையைப் பார்த்துக் கத்துவார்கள். அப்பா கையை ஆட்டிக்கொண்டு சாவகாசமாக வருவார். கடைசியாக வரும் ஒரு ஆளுக்காக அத்தனை பேர் எழுந்து நிற்பதைப் பார்க்கும்போது அவளுக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

நேற்றுச் சாயங்காலம் கல்லிடைக்குறிச்சியில் தங்கிய விடுதியிலிருந்து அப்பா போனில் பேசினார். "மலை பூரா முடிஞ்சிட்டுளா. இனி வெறும் தரைதான். நாளைக்கு மோர்ல இஞ்சி கொஞ்சம் தூக்கலாப் போடு." காலையில் எழுப்பப் போனபோது உடம்பு சில்லிட்டுக் கிடந்ததாம். தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார் பார்த்த டாக்டர். உடம்பு ஆம்புலன்ஸில் வந்தது. குழு பின்னாலேயே மிதித்து வந்தது. இளைஞன் ஜெய்சன் தன் சைக்கிளை விடுதியிலேயே போட்டுவிட்டு அப்பாவுடையதை மிதித்து வந்திருந்தான்.

"அறுபத்தி மூணு வயசுல மலையில என்னவே சோலி?" பெரியப்பா இப்போது பக்கத்து வீட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். "வருஷா வருஷம் கடைசியா வந்து வாங்குன பேரு பத்தலன்னு, பாதி வழியில செத்தான்னு வேற பேரு!"

காலையிலிருந்து வருகிறவர்கள் எல்லாரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பி என்றால் அவருக்கு உயிர். துக்கத்தை அவருக்கு இப்படித்தான் கொட்டத் தெரியும், பாவம். ஆனாலும் 'பாதி வழி' என்ற சொல் வேணிக்குப் பொறுக்கவில்லை. இத்தனை மலையை ஏறி இறங்கிய மனுஷன், நாளைக்கு ஊர் வாயில் பாதியில் விழுந்தவராகிவிடுவார். அவள் எழுந்து வாசலுக்குப் போனாள்.

குழுவில் மூத்தவரான பாக்கியசீலன் கல்லூரி வாத்தியார். அவளைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். "மரியாத தெரியாம நிக்கல வேணி. கை வரமாட்டேங்கு. வால் இன்னும் வரலல்லா."

பக்கத்தில் நின்ற மேலப்பாளையத்துக் கமர் நிஷா மூக்கை உறிஞ்சினாள். "குமுளி ஏத்தத்துல நான் ரோட்டுலயே உக்காந்து அழுதுட்டேன்க்கா. எல்லாரும் மேல போயிட்டாக. அண்ணாச்சி ஒரு வார்த்த திட்டல. கடலமிட்டாயக் கடிச்சிக்கிட்டு நிக்காக. 'மலை எங்கயும் ஓடிராது, நீ பைய வா'ங்காக. அவுகள விட்டுட்டு நான் மட்டும் முடிச்சிட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

வேணி சைக்கிளைப் பார்த்தாள். ஆரியங்காவில் மழை பெய்திருக்க வேண்டும். முன்சக்கரத்தில் செம்மண் கட்டிகட்டியாகக் காய்ந்திருந்தது. கைப்பிடி முழுக்க அப்பாவின் வேர்வை உப்பு வெள்ளையாகப் பூத்திருந்தது.

"நான் கொண்டு வாரேன்" என்றாள்.

"நீயா?" பெரியப்பா பாய்ந்து வந்தார். "அப்பன் கெடக்கான், மக சைக்கிள் ஓட்டப் போறாளாம்! நாலு பேரு காறித் துப்ப மாட்டாக?"

உள்ளேயிருந்து அம்மா அன்னத்தாயின் குரல் வந்தது. காலையிலிருந்து அவள் வாயே திறந்திருக்கவில்லை. "போயிட்டு வரட்டும் அத்தான். அவுக தட்டுல ஒரு பருக்க மிச்சம் வச்சதில்ல. இத மட்டும் வைக்கணுமாக்கும்?"

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். அப்பாவைக் குளிப்பாட்ட ஆற்றிலிருந்து நீர்மாலை எடுத்து வர நேரமாகியிருந்தது. மகன் இல்லாத வீடு, குடம் அவர் கைக்குத்தான் வரும். அதை வாங்கிக்கொண்டு யாரையும் பார்க்காமல் நடந்தார். சங்கு ஊதுகிறவரும் சொந்தக்கார ஆண்களும் பின்னால் போனார்கள்.

"சீட்ட எறக்கட்டுமாக்கா?" என்றான் ஜெய்சன்.

"வேண்டாம்ப்பா. அது எங்கப்பா உசரம். அப்படியே இருக்கட்டும்." சுடிதார் துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மற்றவர்களிடம் சொன்னாள்: "நீங்க முன்னால போங்க. வால் பின்னாலதான வரணும்."

அவர்கள் ஏறிப் போனார்கள். ஜெய்சனுக்குச் சைக்கிள் இல்லை, ஓடினான். வேணிக்கு இருக்கை எட்டவில்லை. நின்றபடியே மிதித்தாள். முதல் திருப்பத்தில் சாயப் பார்த்து, சமாளித்துக்கொண்டாள். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் அந்தச் சைக்கிளை அடையாளம் கண்டு எழுந்து நின்றார்கள். "அண்ணாச்சி வண்டில்லா" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அவளுக்குப் பெருமை பொங்கிக்கொண்டு வந்தது. அப்பா செத்த அன்றைக்குப் பெருமை வரலாமா என்று கூச்சமாகவும் இருந்தது. வந்துவிட்டதை என்ன செய்ய? கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்தால் விழுந்துவிடுவோம் என்று துடைக்காமலே மிதித்தாள்.

படித்துறைக்கு அவள் வந்தபோது சங்கு ஓய்ந்திருந்தது. குழு படியின் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றது. பெரியப்பா முழங்கால் தண்ணீரில் குடத்தோடு நின்றார். எப்போதோ மொண்டு கரையேறியிருக்கலாம். குடம் இன்னும் காலியாகத்தான் இருந்தது.

"வாளா, வேணி" என்றார். "அவன் என்னைக்கு மொதல்ல வந்திருக்கான்? நமக்குக் காத்துக் கெடக்கதுதான சோலி." அதட்டலாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது காலிக் குடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெய்சன் பின்பக்கம் தாங்கிக்கொள்ள, வேணி சைக்கிளைப் படிப்படியாக இறக்கினாள். முன்சக்கரம் தண்ணீருக்குள் போனது. ஆரியங்காவுச் செம்மண் கரைந்து அவள் கால்களைச் சுற்றிப் பரவியது.

அவளுக்குப் பின்னால் ஹெல்மெட் வார் ஒன்று 'டக்'கென்று கழன்றது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் படித்துறை முழுக்க அந்தச் சத்தம். வேணி திரும்பிப் பார்க்கவில்லை, கைப்பிடியை விடவும் இல்லை.

பெரியப்பா இரண்டு எட்டு நகர்ந்து சக்கரத்துக்கு அருகில் வந்தார். குனிந்து, அந்த இடத்திலேயே குடத்தை அமிழ்த்தினார். கலங்கல் தெளியட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.